பேருக்குப் பாடு பிரிக்கிற பஞ்சாயத்து

சண்டைய மட்டும் நிறுத்திடாதீங்க, கண்ணுங்களா. ஆயாவுக்குப் பொழுது போவணும். சீரியல்ல மாமியாரும் மருமவளும் ஒரு வாரத்துல ராசியாயிடறாங்க. நீங்க பொங்கலுக்கு ஆரம்பிச்சது ஆடி வந்தும் முடியல. தெருவுல சொத்துத் தகராறுன்னு பேசிக்கிறாங்க. நானும் ஆமான்னு தலையாட்டி வெச்சிருக்கேன். பின்ன இன்னான்னு சொல்றது? மாமன் மவளும் அத்தை மவனும், யாருக்கு ஆசை சுத்தமா வரல, யாருக்கு லேட்டா வருதுன்னு அடிச்சிக்கிறாங்கன்னு சொன்னா, "அடடே, மொறைப் பொண்ணும் மொறை மாப்புள்ளையும் இப்பவே பேச ஆரம்பிச்சிட்டாங்களா"ன்னு மறுநாளே தட்டோட வந்து நிப்பாங்க.

வழக்கு எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். பேரன் சொல்றான்: ஆம்பளையோ பொம்பளையோ, யாரைப் பாத்தும் எனக்கு உடம்பு ஆசை வந்ததில்ல, வரலியேன்னு வருத்தமும் இல்ல, நான் ஏசெக்சுவல், சுருக்கமா ஏஸ். பேத்தி சொல்றா: எனக்கும் பாத்த உடனே யார் மேலயும் வராது, வருஷக்கணக்கா பழகி மனசு ஒட்டினப்பறம் ஒரே ஒரு ஆள் மேல வந்துச்சு, நான் டெமிசெக்சுவல், அதுவும் இதே குடும்பம்தான். உடனே அவன், "ஒரு தடவை வந்தாலே நீ வெளிய போ"ன்றான். இவ, "நீ யாருடா கேட்டுக்கு வாட்ச்மேன்?"ன்றா. நடுவுல கிரே, கிரேன்னு வேற அடிக்கடி சொன்னீங்களா, நான் துறைமுகத்துல நிக்குற கிரேனுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு ஒரு மாசம் முழிச்சிகினு இருந்தேன். எப்பவாச்சும், மங்கலா, வந்தும் வராமலும் இருக்குறவங்களுக்கு அந்தப் பேருன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. கிரேனே தேவலாம். அது எங்க நிக்குதுன்னாவது தெரியும்.

நீங்கதான் மொத மொத எல்லைக்கல் நட்டீங்கன்னு நெனப்பு வேணாம். பேத்தி படிச்சுக் காட்டினதுல ஒருத்தர் எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. கின்சின்னு ஒரு அமெரிக்காக்காரரு. குளவிய ஆராய்ச்சி பண்ணிகினு இருந்த மனுஷன், திடீர்னு ஜனங்க படுக்கையறையில இன்னா நடக்குதுன்னு கேட்டு எழுத ஆரம்பிச்சிட்டாரு. 1948ல புத்தகம் போட்டாரு. ஆம்பளைக்குப் பொம்பளை மேல ஆசைன்னா சைபர், ஆம்பளை மேலயே ஆசைன்னா 6, நடுவுல மத்தவங்க. எதுலயும் அடங்காம, யார் மேலயும் ஒண்ணும் தோணாதவங்களை அளவுகோலுக்கு வெளியே எக்ஸ்னு ஒரு எழுத்துல உக்கார வெச்சிட்டாரு. பேரா, நீ அந்த எக்ஸ். குளவி மனுஷன் கொஞ்சம் யோசிச்சிருந்தா உனக்கு ஒரு நம்பராவது கெடச்சிருக்கும்.

அப்பறம் 2001ல டேவிட் ஜேன்னு ஒரு காலேஜ் பையன் உங்களாட்டம் ஆளுங்களைச் சேத்து ஏவென்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சான். பாலீர்ப்பு வராதவங்கதான் ஏசெக்சுவல்னு அவங்க ஒரு வரியில சொல்லி வெச்சாங்க. அஞ்சாறு வருஷத்துக்குள்ள டெமி, கிரேன்னு கிளை விட்டுடுச்சு. இதுக்கு நடுவுல 2004ல கனடாவுல போகார்ட்ன்ற வாத்தியார், பிரிட்டன்ல 18,000 பேருக்கு மேல கேட்டு எடுத்த பழைய சர்வேயைப் புரட்டி, நூத்துல ஒருத்தர் மாதிரி "எனக்கு யார் மேலயும் எப்பவுமே வந்ததில்ல"ன்னு சொல்லியிருக்காங்கன்னு கணக்குப் போட்டாரு. அந்தக் கணக்குல பேரன் உள்ளே, பேத்தி வெளியே. குதிக்காதே ராசா. சர்வே எடுக்கிறவனுக்கு ஒரு எடத்துல கோடு போட்டாத்தான் கூட்டல் வரும். கூட்டலுக்குப் போட்ட கோட்டை எடுத்தாந்து சொந்தக்காரங்க நடுவுல போடறியே, உனக்கு அந்த வாத்தியார் சம்பளம் எதனா தர்றாரா?

"டெமின்னு சொல்றதெல்லாம் பீலா ஆயா, எல்லாருமே பழகினப்பறம்தான ஆசைப்படுவாங்க"ன்னு நீ சொன்னியே, அதுக்கு வர்றேன். எல்லாருமாடா? நம்ம சினிமாவுல ஹீரோ பஸ் ஸ்டாப்புல பொண்ணைப் பாக்கறான். அவ பேரு தெரியாது, ஊரு தெரியாது, அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் சுவிட்சர்லாந்துல ஆடறாங்க. தியேட்டர்ல ஒருத்தனும் எழுந்து "இன்னும் பழகவே இல்லியே"ன்னு கேக்கல. கூடையோட மீஞ்சூர் மார்க்கெட்டுல உக்காந்தவ நான். ஆம்பளைங்க கண்ணு மீன் மேல எவ்ளோ நேரம், மத்தது மேல எவ்ளோ நேரம்னு எனக்குத் தெரியும். பொம்பளைங்க கண்ணு மட்டும் சும்மா இருந்துச்சுன்னு நெனக்காத. நாங்க முந்தானையில முகம் தொடைச்சிகினே பாத்துடுவோம். அதனால இவ சொல்றது எல்லாரும் சொல்றது இல்ல.

ஆனா நீ ஏன் அப்படி நெனச்சேன்னு எனக்குப் புரியுது. நம்ம ஊர்ல பொண்ணுன்னா ஆசையே தெரியாம வளரணும், தாலி ஏறினன்னிக்கு ராத்திரி தானா வந்துடணும்னு வெச்சிருக்காங்க. இவ "எனக்கு யாரையும் பாத்துத் தோணல"ன்னு சொன்னா, "எவ்ளோ நல்ல பொண்ணு!"ன்னு கன்னத்தை வழிச்சு நெட்டி முறிப்பாங்க. அதையே நீ சொல்லு பாப்போம். உங்கப்பன் ஒரு வார்த்தை பேச மாட்டான். காலையில பேப்பர் மடிச்சு ஒரு விளம்பரத்தை உன் தட்டுக்குப் பக்கத்துல வெப்பான். "பரம்பரை வைத்தியர், மாதம் ஒரு நாள் முகாம், லாட்ஜ் ரூம் நம்பர்" எல்லாம் போட்டிருக்கும். லேகியம், சூரணம், தங்க பஸ்பம், துட்டு போற வரைக்கும் தருவாங்க. ஆம்பளைக்கு ஆசை இல்லன்னா அது ரிப்பேர். பொம்பளைக்கு இல்லன்னா அது ஒழுக்கம். ரெண்டுமே பொய்யி. உனக்கு அடி முன்னாடியே விழுந்துச்சு, அதனாலதான் இவளை "நீ இன்னா கஷ்டப்பட்ட"ன்னு கேக்கறே. இவளுக்கு அடி பின்னாடி. புது சட்டம் பாரதிய நியாய சன்ஹிதான்னு 2024 ஜூலைல வந்துச்சே, அதுலயும் பழைய விதிவிலக்கு அப்படியே இருக்குது: 18 வயசு தாண்டின பொண்டாட்டி வேணாம்னு சொல்லியும் புருஷன் கட்டாயப்படுத்தினா, அதைப் பலாத்காரம்னு எழுத மாட்டாங்க. கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சவங்க யாரும் அன்னிக்கு ராத்திரி கூட நிக்க மாட்டாங்க. யாருக்கு அடி பெருசுன்னு அளக்க என்னாண்ட தராசு இல்ல. இருந்த தராசும் மீன் நிறுத்து நிறுத்து ஒரு பக்கம் சாயும்.

எல்லையே வேணாம், வர்றவங்க எல்லாம் வாங்கன்னு சொல்லுவேன்னு பேத்தி எதிர்பாக்குறா. அதுவும் சொல்ல மாட்டேன். திருவொத்தியூருக்கு மாசி மாசம் மகிழடி சேவைக்குப் போவோமே, நெனப்பு இருக்குதா? சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு மகிழ மரத்தடியில சத்தியம் பண்ணது. திருவாரூர்ல பரவை இருக்கும்போதே இங்க ஒரு கல்யாணம். ஆசைக்குக் குறைச்சலே இல்லாத மனுஷன். அதே ஊர்ல கடலோரமா பட்டினத்தார் சமாதி. ஆசை எல்லாம் பாத்து, பொண்டாட்டி சொத்து சுகம் எல்லாம் விட்டுட்டு வந்தவரு. அதே கோயிலுக்கு ஏழுகிணறுலேர்ந்து நடந்து வந்தவரு வள்ளலார். 1850ல கல்யாணம் பண்ணி வெச்சாங்க, மொத ராத்திரியும் திருவாசகம் படிச்சிகினு இருந்தாருன்னு சொல்லுவாங்க. இவங்க மேல எல்லாம் உங்க ஸ்டிக்கரை ஒட்டாதீங்க. பட்டினத்தார் விட்டவரு; விடறதுக்கு மொதல்ல இருக்கணும். வள்ளலார் மனசுல இன்னா இருந்துச்சுன்னு வள்ளலார் கிட்டதான் கேக்கணும், அவரு கதவைச் சாத்திகினு போயிட்டாரு. விரதம் இருக்குறவ வேற, பசியே எடுக்காதவ வேற. புருஷன் மேல கோவத்துல பாயைத் தள்ளிப் போட்டவ வேற. நேத்து வரைக்கும் இருந்த ஆசை இன்னிக்குக் காணாம போயி, அதை நெனச்சுத் தூக்கம் வராதவ வேற; அவ டாக்டரைப் பாக்கட்டும், தப்பே இல்ல. ஆசை வருதா வரலியான்றது ஒரு கேள்வி. படுத்தாளா படுக்கலியான்றது வேற கேள்வி. ஆசை இல்லாமலே புள்ளை பெத்து வளத்தவங்க இந்தக் குப்பத்துலயே எத்தினி பேருன்னு ஆயாவைக் கேக்காத, ஊர்ல பாதி பேருக்குத் தர்மசங்கடம்.

மீஞ்சூர்ல என்னாண்ட மீன் வாங்குற தமிழ் வாத்தியார் ஒருத்தர் உண்டு, ரிட்டயர்டு. உங்க வழக்கை அவராண்ட, பேரைச் சொல்லாமத்தான், போட்டுப் பாத்தேன். மனுஷன் மடவைய மறந்துட்டு தொல்காப்பியத்துக்குப் போயிட்டாரு. காதலை ஏழு திணையா பிரிச்சு வெச்சாங்களாம்: ஒரு பக்கம் மட்டும் ஆசைன்னா கைக்கிளை, பொருந்தாம போனா பெருந்திணை, நடுவுல அஞ்சு. ஆனா இலக்கணம் எழுதினவரே, திணை ஒண்ணோட ஒண்ணு கலக்கலாம், அதைத் தள்ள வேணாம்னும் எழுதி வெச்சிட்டாராம். உரை எழுதினவங்க எந்த அளவு கலக்கலாம்னு அதுக்கப்பறமும் விடாம சண்டை போட்டாங்களாம். அப்ப ஆசையே வராதவளுக்கு எந்தத் திணைன்னு கேட்டேன். வாத்தியார் பேச்சு நின்னு போச்சு. மடவைக்குக் காசு குடுத்துட்டு மீதி வாங்காம போயிட்டாரு. பத்து ரூபா லாபம்.

பேரே இல்லாம பழைய ஜனங்க நிம்மதியா இருந்தாங்கன்னு சிலர் சொல்லுவாங்க, நம்பாதீங்க. எங்க சின்ன அத்தை கல்யாணமே வேணாம்னு இருந்தாங்க. சண்டை போடல, அழல, சும்மா வேணாம்னாங்க. ஊரு சும்மா இருந்துச்சா? மொதல்ல "எவனோ ஏமாத்திட்டான்"னு ஒரு பேரு. வயசு ஏற ஏற "உடம்புல கோளாறு". நரை வந்தப்பறம் "சாமி புள்ள". கடைசி பேருதான் மரியாதையா இருந்துச்சு, ஆனா அதுக்காக வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை குறி கேக்க ஆளுங்க வந்து கஞ்சி குடிக்க விடல. மூணு பேரும் ஊரு வெச்சது. அத்தைய யாரும் கேக்கல. நீங்க ரெண்டு பேரும் உங்களுக்கு நீங்களே பேரு வெச்சிகினீங்களே, அதுலதான் எனக்குச் சந்தோஷம். எந்தப் பேருன்றது எனக்கு ரெண்டாம்பட்சம், வாயில நொழையற மாதிரி வெச்சிருக்கலாம், அவ்ளோதான்.

இப்ப பாட்டுக்கு வர்றேன். சினிமாப் பாட்டு இல்ல, பாடு. பழவேற்காட்டு ஏரியில நம்ம சொந்தக்காரங்க பண்றது தெரியுமில்ல? ஏரி கடலைத் தொடற எடத்துல எறாவும் மீனும் ஜாஸ்தி. எல்லாரும் ஒரே எடத்துல வலை கட்டினா வெட்டுக்குத்து ஆயிடும். அதனால எடத்தைப் பிரிச்சு, குப்பத்துக்கு நாள் பிரிச்சு, சீட்டு குலுக்கி, இன்னிக்கு உனக்கு நாளைக்கு எனக்குன்னு வெச்சிருக்காங்க. பாட்டுல பேரு இல்லாதவன் வலையோட வந்தா நாட்டாரு பஞ்சாயத்துதான். ஏன் இத்தினி கெடுபிடி? மீன் அளவாத்தான் இருக்குது. ஒரு வலை கூடினா என் கூடையில ஒரு கை குறையும். மொறை வெச்சவங்க மொக்கைப் பசங்க இல்ல, பசி தெரிஞ்சவங்க.

உன் பேருக்குள்ள இவ வந்து உக்காந்தா உனக்கு எது ராசா குறையுது? உனக்கு வராத ஆசையில பாதியை இவ எடுத்துகினு போயிடுவாளா?

இதைக் கேட்டன்னிக்குத்தான் மொத தடவையா பேரன் கத்தாம பேசினான். "குறையுது ஆயா. எனக்கு வராதுன்னு எங்கம்மா கிட்ட சொன்னா, 'உன் மாமன் பொண்ணும் அப்படித்தான் சொன்னா, அப்பறம் அவளுக்கு வந்துச்சு இல்ல? உனக்கும் வரும், சரியான பொண்ணு வரட்டும்'னு சொல்லுது." நெசம்தான். எனக்கு ஒறைச்சுது. இவ கதை இவன் தலையில விடியுது. அதுக்காக இவளை வெளிய தள்ளினா உங்கம்மா நிறுத்திடுவாளா? என் பொண்ணு ராசா அவ, எனக்குத் தெரியும். இவ இல்லன்னா பக்கத்து வூட்டுக்காரியை உதாரணம் காட்டுவா. பேத்தி, நீயும் ஒண்ணு கேளு. யாராவது கேக்கும்போது "எங்களுக்கெல்லாம் மனசு ஒட்டினா வரும்"னு உதார் விடாத. எங்களுக்கெல்லாம் இல்ல, உனக்கு. அந்த ஒரு வார்த்தையில இவனுக்கு ஒரு வருஷம் லேகியம் கூடும்.

அதுவும் இல்லாம, வெளிவேலி எங்க இருக்குதுன்னு பாத்தீங்களா? சில குப்பத்துல கல்யாணம் ஆனாத்தான் ஒரு ஆம்பளை தலைக்கட்டு. அதுக்கப்பறம்தான் வரி, அதுக்கப்பறம்தான் பங்கு. தனியா இருக்குறவன் எத்தினி வயசானாலும் அப்பன் கணக்குல ஒரு வாயி. அங்க போயி "நான் ஏஸ், இவ டெமி"ன்னு நின்னா, ரெண்டு பேரையும் சேத்துத்தான் அனுப்புவாங்க. சர்க்காரும் லேசுப்பட்டது இல்ல. கல்யாணம் ஆவாம, ஒழைக்க முடியாம இருக்குற ஏழைப் பொம்பளைக்கு மாசா மாசம் பென்ஷன் உண்டு. எப்போலேர்ந்து? 50 வயசு ஆனப்பறம். இவ இனிமே கல்யாணம் பண்ணிக்க மாட்டான்னு கவர்மெண்டுக்கே அப்பத்தான் நம்பிக்கை வருது. பேத்தி, உனக்கு இன்னும் நெறைய வருஷம் இருக்குது, அதுவரைக்கும் நீ "பேச்சு நடந்துகினு இருக்குற பொண்ணு".

கோர்ட்டு இன்னா சொல்லுதுன்னும் கேட்டு வெச்சிக்கோங்க. சென்னையில கல்யாணம் பண்ணின ஒரு ஜோடி வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ரொம்ப நாள் தக்க காரணம் இல்லாம படுக்கைய மறுத்தா அது மனசைக் கொடுமை பண்றதுதான்னு 2014ல தீர்ப்பு சொல்லி விவாகரத்தை உறுதி பண்ணிட்டாங்க. தக்க காரணம்னா இன்னா? "எனக்கு இப்படி ஆசையே வராது"ன்றது காரணமா இல்லியான்னு யாராச்சும் நின்னு சொன்னாத்தான கோர்ட்டு யோசிக்கும்? அங்க பேரு உதவும். மனநல டாக்டருங்க வெச்சிருக்கிற டிஎஸ்எம் புத்தகத்தையே பாருங்க. ஆசைக் குறைவை அவங்க ஒரு வியாதியா எழுதி வெச்சிருந்தாங்க. 2013ல வந்த அஞ்சாம் பதிப்புல, தன்னைத்தானே ஏசெக்சுவல்னு சொல்லிக்கிறவங்களுக்கு அந்த வியாதிப் பேரை எழுதாதேன்னு சேத்துட்டாங்க. தானே சொல்லிக்கிறவங்களுக்கு. அத்தை மவன் அட்டெஸ்ட் பண்ணிக் குடுக்கணும்னு அதுல இல்ல.

நம்ம ஐகோர்ட்டுல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல ஒரு வழக்குல, எனக்கு ஒரே பால் ஜோடிங்க விஷயம் புரியலன்னு தானே ஒத்துகினு மனநல நிபுணர் எதிர்ல உக்காந்து பாடம் கேட்டாரு. அப்பறம்தான் தீர்ப்பு. ஆளை மாத்தறேன்னு வைத்தியம் பண்றதைத் தடுக்கச் சொன்னாரு. அவரு சொல்லித்தான் 2022ல தமிழ்நாடு அரசு, இந்த ஜனங்களை மரியாதையா இன்னா பேரு சொல்லிக் கூப்புடணும்னு அரசிதழ்லயே ஒரு சொல் பட்டியல் போட்டுச்சு. எல்ஜிபிடிக்யூஐஏன்னு மூச்சு முட்ட சொல்றாங்களே, அந்தக் கடைசி ஏ நீங்க. ரயில்ல கடைசிப் பொட்டிக்குள்ள உக்காந்துகினு யாரு ஜன்னலோரம்னு அடிச்சிக்கிறீங்க.

டெல்லியில பிரகதி சிங்னு ஒரு டாக்டரம்மா, இதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போக, "எனக்குப் படுக்க இஷ்டம் இல்ல, வூட்ல கல்யாணம் பேசறாங்க"ன்னு பொண்ணுங்க அவங்களுக்கு எழுத ஆரம்பிச்சாங்களாம். அவங்க இன்னா பண்ணாங்க? நீ டெமியா கிரேயான்னு பரீட்சை வெக்கல. அந்த ஆசை இல்லாமலே தொணை தேடறவங்களை நேர்ல சந்திக்க வெச்சாங்க. இப்ப இந்தியன் ஏசஸ்னு அவங்க அமைப்பு. பிபிசிக்காரங்க 2019ல நூறு பொம்பளைங்க பட்டியல்ல சேத்தாங்க. எனக்கு அதுல புடிச்சது பட்டியல் இல்ல, சந்திக்க வெச்ச யோசனைதான். வயசான காலத்துல மாத்திரை எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணுமில்ல? அதுக்கு ஆசை எதுக்கு, கண்ணு தெரிஞ்சா போதும்.

சரி, இப்ப வேலை. தை பொறந்ததும் தரகர் வருவாரு, ரெண்டு ஜாதகம் கேட்டு உங்க மாமாவாண்டயும் உங்கப்பனாண்டயும் சொல்லி வெச்சாச்சு. ரெண்டு பேரும் அன்னிக்கு இங்கயே இருங்க. எழுந்து ஓடாதீங்க, அழுவாதீங்க. அவரு "பொண்ணுக்கு இஷ்டம் எப்டி?"ன்னு கேட்டதும் பேத்தி ஆரம்பி: டெமின்னா இன்னா, கிரேன்னா இன்னா. பேரன் நடுவுல பூந்து "அதெல்லாம் கெடையாது, கணக்குப்படி அவ வெளியே"ன்னு மறுத்துப் பேசு. குளவிக்காரரையும் கொண்டாந்துடு. விடாம, விட்டுக் குடுக்காம, இத்தினி மாசமா எப்டி அடிச்சிகினீங்களோ அப்டியே. மனுஷன் சக்கரை வியாதிக்காரரு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல பசி தாங்க மாட்டாரு. நான் டீ மட்டும் போடுவேன், அதுவும் சக்கரை இல்லாம. பிஸ்கட் டப்பாவை அன்னிக்கு ஒளிச்சு வெச்சிடறேன்.